வெற்றுத் தாளை மடிப்பதிலிருந்து: இருமொழிச் செய்திமடலை அச்சிடும் வழி

குடியிருப்போர் நலச்சங்கமோ, பழைய மாணவர் மன்றமோ, கோயில் அன்னதானக் குழுவோ, தனக்கென்று ஒரு செய்திமடல் கொண்டுவரலாம் என முடிவெடுத்தவுடன் பெரும்பாலும் முதலில் நடப்பது, கட்டுரை கேட்டு எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதுதான். ஒரு மாதத்துக்குள் பதினைந்து பேர் ஆர்வத்துடன் எழுதித் தந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் மொத்தம் எத்தனை பக்கம் வரும், தமிழ் எங்கே நிற்கும், ஆங்கிலம் எங்கே நிற்கும், செலவு என்ன ஆகும் என்ற கேள்விகள் எழும். அந்த நேரத்தில் யாருடைய எழுத்தை வெட்டினாலும் மனத்தாங்கல் வரும். பெரம்பூரில் எங்கள் சங்கத்துக்காக ஆறு ஆண்டுகளாக இந்தப் பணியைச் செய்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் வேலை எழுத்துக் கேட்பது அன்று, நான்கு ஏ4 தாள்களை எடுத்து நடுவில் மடிப்பது.

அதற்கு முன் இருமொழி எதற்காக என்பதில் குழுவுக்குத் தெளிவு வேண்டும். எங்கள் பகுதியில் ரயில்வே வேலையை ஒட்டிக் குடியேறிய ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும், தலைமுறைகளாகத் தெலுங்கோ மலையாளமோ வீட்டில் பேசும் குடும்பங்களும் உண்டு. அவர்களில் பலர் தமிழை நன்றாகப் பேசுவார்கள், படிக்க வராது. அதே கட்டடத்தில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிமார்களும், ஆங்கிலவழிப் பள்ளியில் படித்ததால் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் ஒரே செய்தி ஒரே நாளில் முழுமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு மொழிகள். ஆங்கிலத்தை விரிவாகப் போட்டுவிட்டு, மிச்சமான இடத்தில் தமிழைப் பொடி எழுத்தில் திணிக்கும் செய்திமடல் அந்தப் பாட்டிக்கு உரியதாக இருக்காது. அப்படி நேர்வது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அன்று, தமிழுக்கு வேண்டிய இடத்தை முன்பே கணக்கிடாததால்தான் என்பதைப் பல இதழ்களில் பார்த்திருக்கிறேன்.

டம்மி செய்தல்

நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால், 148 × 210 மி.மீ. கொண்ட ஏ5 அளவில் 16 பக்கச் சிறு புத்தகம் கிடைக்கும். அச்சகங்களில் இதை டம்மி என்பார்கள். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் வருவதால், மொத்தப் பக்கங்கள் எப்போதும் நான்கின் மடங்காகவே அமையும். 14 பக்கத்துக்குச் செய்தி இருந்தால் 16 ஆக நிரப்புவதா 12 ஆகக் குறைப்பதா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். மடித்த நிலையில் பென்சிலால் 1 முதல் 16 வரை பக்க எண்களை எழுதிவிட்டுத் தாள்களைத் தனித்தனியே பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு புறத்தில் 16-உம் 1-உம், மறுபுறத்தில் 2-உம் 15-உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அடுத்த தாளில் 14-உம் 3-உம், 4-உம் 13-உம் இணையும். எந்த இணையைக் கூட்டினாலும் 17 வரும். அதாவது மொத்தப் பக்கங்களோடு ஒன்று. நடுத்தாளில் 8-உம் 9-உம் மட்டுமே வரிசை எண்ணாகவும் ஒரே தாளாகவும் அமைவதால், இரண்டு பக்கத்துக்கும் நீளும் ஒரு குழுப் புகைப்படத்தை வைக்க ஏற்ற இடம் அதுதான். மற்ற எதிரெதிர்ப் பக்கங்கள் வெவ்வேறு தாள்களில் அச்சாவதால், குறுக்கே வைக்கும் படத்தில் முகங்கள் சற்று விலகி நிற்கக்கூடும்.

இந்த டம்மியை எடுத்துக்கொண்டு, வடிவமைப்பு தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை அச்சகத்துக்குப் போய் வாருங்கள். பிளேட் செய்து பெரிய தாளில் அச்சிடும் ஆஃப்செட் முறையானால், பல அச்சகங்கள் ஏ5-க்குப் பதிலாக டெமி 1/8 அளவைச் சொல்லும். 23 × 36 அங்குலத் தாளில் வீணாகாமல் வெட்டி எடுக்கக்கூடிய அளவு அது. ஓரம் வெட்டிய பிறகு ஏறக்குறைய 5½ × 8½ அங்குலம் வரும். ஏ5-ஐவிட அகலம் சிறிது குறைவு, உயரம் சிறிது கூடுதல். வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் என்றாலும், பக்கங்களையெல்லாம் அமைத்து முடித்த பின் அளவை மாற்றினால் ஒவ்வொரு வரியும் இடம் மாறும். இந்த ஒரு கேள்வியை முன்கூட்டிக் கேட்டு வந்தால் பிற்பாடு ஒரு வார வேலை மிச்சமாகும்.

இரண்டு மொழிகளும் எங்கே நிற்கும்

மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது, எதிரெதிர்ப் பக்க முறை. திறந்த புத்தகத்தின் இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண், வலப்பக்கம் ஒற்றை எண். இடப்பக்கங்களில் தமிழையும் வலப்பக்கங்களில் ஆங்கிலத்தையும் வைத்தால், முன்பின் அட்டைகள் போக ஏழு இணைகள் கிடைக்கும். அறிவிப்பு, வரவு செலவு, கூட்ட முடிவுகள் ஆகியவற்றுக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை. படிப்பவர் தன் மொழியில் படித்து, ஐயம் வந்தால் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். தமிழ் படிக்கக் கற்கும் பிள்ளைகளுக்கும் அது நல்ல துணை. ஆனால் ஒரே செய்தி தமிழில் கூடுதல் இடம் பிடிக்கும். என் கணக்கில் ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் என்றால் தமிழுக்கு ஒன்றேகால் பக்கம் ஒதுக்குகிறேன். ஆகவே தமிழ்ப் பக்கம் முழுதாக நிரம்பும் அளவுக்குச் செய்தியை வைத்துக்கொண்டு, எதிரே ஆங்கிலப் பக்கத்தில் மிஞ்சும் ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் படத்தையோ தொலைபேசி எண்களையோ வையுங்கள். ஆங்கிலத்தை அளவுகோலாக வைத்துத் தமிழைச் சுருக்காதீர்கள்.

இரண்டாவது, இருமுக முறை. ஒரு புறம் தமிழ் அட்டை. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மறுபுறம் ஆங்கில அட்டை. இரண்டும் நடுவில் வந்து சந்திக்கும். எந்த மொழியும் பின்பக்கத்துக்குப் போவதில்லை என்பதால் இதன்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அமைக்கும்போது மட்டும் கவனம் தேவை. 16 பக்க இதழில் தமிழ் 1 முதல் 8 வரை இயல்பாக நிற்கும். ஆங்கிலத்தின் 8-ஆம் பக்கம் கோப்பில் 9-ஆவது இடத்திலும், அதன் முதல் பக்கம் 16-ஆவது இடத்திலுமாகப் பின்னிருந்து முன்னாக வரிசைப்படுத்தி, அந்த எட்டுப் பக்கங்களையும் 180 பாகை திருப்ப வேண்டும். டம்மியில் ஒருமுறை எழுதிப் பார்க்காமல் இதை மனக்கணக்காகச் செய்ய முயல வேண்டாம்.

மூன்றாவது முறையில் ஒவ்வொரு கட்டுரையும் எழுதியவரின் மொழியிலேயே இருக்கும்; மற்ற மொழியில் ஐந்தாறு வரிச் சுருக்கம் தரப்படும். கதை, நினைவுக் குறிப்பு, சமையல் ஆகியவற்றுக்கு இது போதும். ஒரே பக்கத்தில் இரண்டு பத்தியாகத் தமிழையும் ஆங்கிலத்தையும் நிறுத்துவதை மட்டும் ஏ5 அளவில் செய்யாதீர்கள். அவ்வளவு குறுகிய பத்தியில் தமிழின் நீண்ட சொற்கள் அடங்குவதில்லை.

எழுதுவதும் மொழிபெயர்ப்பதும்

இப்போதுதான் கட்டுரை கேட்கும் நேரம். டம்மியைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் எத்தனை சொற்கள் என்று சொல்லிக் கேளுங்கள். மொழிபெயர்ப்பவரிடம், வரிக்கு வரி மாற்றாமல் செய்தியை உள்வாங்கி எழுதும்படி வேண்டிக்கொள்ளுங்கள். 'நீர்த்தேக்கத் தொட்டிச் சுத்திகரிப்புப் பணிகளின் நிமித்தம் நீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படும்' என்று ஒருமுறை எங்களுக்கு வந்தது. 'செவ்வாய்க்கிழமை காலை 10 மணி முதல் 2 மணி வரை தொட்டி கழுவுகிறோம். குழாயில் தண்ணீர் வராது. முன்னதாகவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்' என்று மாற்றினோம். இடமும் மிச்சமானது, மூன்றாம் மாடியில் தனியாக வாழும் அம்மாவுக்கும் புரிந்தது.

பெயர்களுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது கட்டாயம். ஒவ்வொருவர் பெயரும் தமிழில் எப்படி, ஆங்கிலத்தில் எப்படி, முதலெழுத்து 'இரா.' என்றா 'ஆர்.' என்றா என்பதை அவரவரிடமே கேட்டு எழுதுங்கள். ஒருவர் பெயரை அவர் எழுதுவதுபோல் அச்சிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை.

எழுத்துருவும் பக்க அமைப்பும்

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். உறுப்பினர்கள் அனுப்பும் தமிழ்க் கோப்புகள் பல வகையில் வரும்: சிலர் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் தட்டச்சு செய்திருப்பார்கள், சிலர் பாமினியிலோ வானவில் போன்ற பழைய எழுத்துருக்களிலோ அனுப்புவார்கள், சிலர் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புவார்கள். அனைத்தையும் முதலில் யூனிகோடுக்கு மாற்றி ஓரிடத்தில் சேருங்கள். மாற்றிய பிறகு கவனிக்க வேண்டிய பிழைகள் சில உண்டு. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' நிற்கலாம். 'ஔ' என்பது 'ஒ' என்றும் 'ள' என்றும் பிரிந்து நிற்கலாம். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் கணினியில் தேடும்போது அந்தச் சொல் அகப்படாது.

மென்பொருளைப் பொறுத்தவரை, கணினியில் பக்கம் அமைத்துத் தரும் டிடிபி மையத்தில் பேஜ்மேக்கர் வைத்திருந்தால் அது யூனிகோடுத் தமிழை ஏற்காது என்பதால், உங்கள் கோப்பை அவர்கள் மறுபடி பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். பிழைகள் இரண்டாம் முறை நுழையும். இன்டிசைன் பயன்படுத்தினால் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போஸர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு இடம் மாறி நிற்கும். பணம் செலவிட இயலாத குழுக்களுக்குக் கட்டணமில்லாத ஸ்கிரைபஸ் மென்பொருளின் அண்மைப் பதிப்புகள் போதும். அவை தமிழைச் சரியாகக் கோக்கின்றன.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழும் ஆங்கிலமும் ஒன்றாக வடிவமைக்கப்பட்டதைப் பாருங்கள். முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகிய இரண்டும் அத்தகையவை, கட்டணமின்றிக் கிடைக்கும். வெவ்வேறு எழுத்துருக்களை இணைத்தால், இரண்டையும் ஒரே புள்ளியளவில் (எழுத்தின் உயரத்தை அளக்கும் 'பாயின்ட்') வைத்தாலும் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தோன்றும். அச்சிட்டுக் கண்ணால் பார்த்துத்தான் சமன்செய்ய வேண்டும். முதியோர் படிக்கும் இதழ் என்பதால் தமிழை 11 புள்ளிக்குக் குறைக்காமல், வரிக்கு வரி 16 புள்ளி இடைவெளி தருகிறேன். மேலே கொக்கியும் கீழே உகரச் சுழியும் வருவதால் தமிழ் வரிகளுக்குக் காற்றோட்டம் கூடுதலாக வேண்டும். தமிழுக்குச் சாய்வெழுத்து மரபு இல்லை. அழுத்தம் தர வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தைப் பயன்படுத்துங்கள். வரிகளை இருபுறமும் சமமாக இழுத்தால் 'கொண்டாடப்படவிருக்கிறது' போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவும்போது முந்தைய வரியில் பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். ஆகவே இடப்புறம் மட்டும் சமன்செய்து விடுவதே அழகு. சொல்லை உடைத்தே ஆகவேண்டுமென்றால், அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காதபடி உடைக்க வேண்டும்.

படங்கள் 300 டிபிஐ அடர்த்தியில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில், இருக்க வேண்டும் என்பார்கள். ஏ5 பக்கத்தின் முழு அகலத்துக்கு அது ஏறக்குறைய 1,750 பிக்சல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்பதால், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைகளின் படங்களுக்குப் பெற்றோரிடம் அனுமதி கேட்க மறக்காதீர்கள்.

மெய்ப்புத் திருத்தம்

புரூஃபைத் திரையில் பார்க்காமல் தாளில் அச்செடுத்துப் பாருங்கள். எங்கள் வழக்கம் மூன்று சுற்று. முதல் சுற்றில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க மற்றவர் புரூஃபில் விரல் வைத்துத் தொடர்வார். ஒற்றெழுத்து விட்டுப்போனதும், லகர ளகர ழகரக் குழப்பமும், ரகர றகர மாற்றமும் இதில் அகப்படும். இரண்டாம் சுற்றில், இதழைத் தயாரிப்பதில் பங்கு இல்லாத ஒருவர் மட்டும் படிப்பார். மூன்றாவதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்: சொற்களைப் படிக்காமல், தேதி, நேரம், தொகை, தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் தமிழ்ப் பக்கத்திலும் ஆங்கிலப் பக்கத்திலும் ஒப்பிடுவது. எங்கள் இரண்டாவது இதழில் பொதுக்கூட்டம் தமிழில் மாலை 5 மணிக்கும் ஆங்கிலத்தில் 6 மணிக்கும் என்று அச்சாகிவிட்டது. தமிழ்ப் பக்கத்தை நம்பி வந்த முதியவர்கள் ஒரு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து இந்தச் சுற்றைத் தவறவிட்டதில்லை.

அச்சுக்குக் கொடுத்தல்

இருநூறு, முந்நூறு பிரதிகள் வரை ஜெராக்ஸ் கடை அல்லது டிஜிட்டல் அச்சகம் போதும். அதற்கு மேல் என்றால் ஆஃப்செட் விலையையும் கேளுங்கள். ஆஃப்செட்டில் பிளேட் செலவு பிரதி எண்ணிக்கை எதுவானாலும் ஒன்றுதான். எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் சிறு அச்சகங்களை அணுகலாம்; தாளை நேரில் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டுமானால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போகலாம். 16 பக்க ஏ5 இதழ் 500 பிரதிக்கு 2,000 ஏ4 தாள்கள், அதாவது 4 ரீம் வேண்டும். சேதாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்பக்கங்களுக்கு 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ என்னும் பளபளப்பில்லாத தாளை நான் பரிந்துரைக்கிறேன். அதைவிட மெல்லிய தாளில் பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிந்து முதியோர் கண்ணை வருத்தும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் படம் எடுப்பாக வரும் என்றாலும் டியூப்லைட் வெளிச்சம் பட்டு எதிரொளிக்கும். அதை ரேப்பருக்கு, அதாவது அட்டைக்கு, மட்டும் வைத்துக்கொள்ளலாம். ரேப்பர் 170 ஜிஎஸ்எம்மோ அதற்கு மேலோ இருந்தால், மடிப்பதற்கு முன் கிரீசிங் (மடிக்கும் இடத்தில் அழுத்தி இடும் கோடு) போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மடிப்பு விளிம்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

ஜெராக்ஸ் கடையில் அச்செடுப்பதானால், பக்கங்களை இணைசேர்க்கும் வேலையை அடோபி ரீடரின் 'புக்லெட்' வசதியே செய்துவிடும். இரு புறமும் அச்சிடும்போது தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பும் வகையை, அதாவது 'ஷார்ட் எட்ஜ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீண்ட விளிம்பைத் தேர்ந்தெடுத்தால் பின்பக்கம் எல்லாம் தலைகீழாக வரும். ஆஃப்செட் அச்சகத்துக்கோ, இணைசேர்க்காமல் 1, 2, 3 என்ற வரிசையில் ஒற்றைப் பக்கங்களாகவே பிடிஎஃப் கொடுங்கள். அவர்கள் இயந்திரத்தின் அளவுக்கேற்ப ஃபாரம், அதாவது ஒரே பெரிய தாளில் அச்சாகும் பக்கத் தொகுதி, அமைத்துக்கொள்வார்கள். எழுத்துருக்கள் கோப்புக்குள் பதிந்திருக்க வேண்டும். பக்க விளிம்புவரை ஓடும் நிறத்துக்கும் படத்துக்கும் வெளியே 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள், எழுத்தையும் பக்க எண்ணையும் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கள். மல்டிகலர் இதழானாலும் உரை முழுவதும் தனிக் கறுப்பு மையில் மட்டுமே இருக்க வேண்டும். வண்ண அச்சின் நான்கு மைகளும் சேர்ந்த கறுப்பாக இருந்தால், இயந்திரத்தில் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்து மங்கும். முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளிதான். கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து வைப்பதைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதே காரணத்துக்காக.

கோப்பைக் கொடுத்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். ஓர் அச்சகத்தில் எங்கள் பிடிஎஃபை வேறொரு மென்பொருளில் திறந்து ஒரு சிறு திருத்தம் செய்தபோது, கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகள் எல்லாம் சிதறிவிட்டன. அச்சான பிறகே பார்த்தோம். எனவே திருத்தம் எதுவானாலும் நாமே செய்து புதிய கோப்பைத் தர வேண்டும். அச்சுக்கு முன் அவர்களிடமிருந்து ஒரு மாதிரிப் பிரதியை மடித்து வாங்கிப் பக்க வரிசையைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மடித்து நடுவில் இரண்டு சென்டர் பின் அடித்த பிறகு, மூன்று பக்கமும் கட்டிங் செய்வது வழக்கம். உள்தாள்கள் சற்று வெளியே நீண்டிருக்கும் என்பதால் கட்டிங் இன்றி விளிம்பு சீராக வராது.

இதழின் கடைசிப் பக்கத்தில் வெளியிடும் சங்கம், ஆசிரியர், அச்சகத்தின் பெயர், முகவரி, மாதம் ஆகியவற்றை இரண்டு மொழிகளிலும் போடுங்கள். பொதுச் செய்திகளையோ அவற்றின் மீதான கருத்துகளையோ குறித்த கால இடைவெளியில் அச்சிடும் இதழ்களுக்கு, 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2023-ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். அது 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் இதழ் சங்கத்து அறிவிப்புகளைத் தாண்டி ஊர்ச்செய்திக்கும் போவதாக இருந்தால், தொடங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள்களைப் பின்னிருந்து எண்ணித் திட்டமிடுங்கள். வழங்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பு கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய வாரம் புரூஃபுக்கு. ஆயுதபூஜையை ஒட்டி இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு ஓய்வு தருவார்கள். காலண்டர், டைரி வேலை குவியும் கார்த்திகை, மார்கழியில் சிறு வேலைகள் பின்னுக்குப் போகும். ஐப்பசி அடைமழையில் தாள் ஈரம் குடித்துச் சுருளும் என்பதால், கட்டுகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் பிளாஸ்டிக் உறையோடு வையுங்கள். வந்த பிரதிகளை ஒவ்வொரு கட்டிலிருந்தும் இரண்டு மூன்று எடுத்துப் புரட்டிச் சரிபார்த்த பின்னரே வீடுகளுக்கு அனுப்புங்கள். பிடிஎஃப், மூலக் கோப்பு, எழுத்துருக்கள், படங்கள் ஆகியவற்றைக் கணினியில் ஒரே கோப்புறையில் சேமித்து, அச்சிட்ட பிரதிகளில் ஐந்தைச் சங்கத்து அலமாரியில் இதழ் எண் எழுதி வைத்துவிடுங்கள்.